ரிப்போர்ட்டில் ‘சிடி34 பாசிட்டிவ்’ என்றிருந்தால் பயப்பட வேண்டுமா?

மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் பயாப்ஸி ரிப்போர்ட்டும் இருக்கிறது, செல்போனில் தேடிப் படித்த செய்திகளும் இருக்கின்றன. முன்பு “எத்தனாவது ஸ்டேஜ்?” என்பதோடு கேள்வி நின்றுவிடும். இன்று, “சிடி34 பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது. கட்டிக்குள் இரத்தக் குழாய் அதிகம் என்று அர்த்தமாமே, வாப்பாவுக்குச் சீக்கிரம் பரவிவிடுமா?” என்று கேட்கிறார்கள். இரத்தக் குழாயை வளரவிடாமல் தடுக்கும் ஊசி ஒன்று உண்டாம், அது பலிக்குமா என்று முன்கூட்டியே காட்டும் இரத்தப் பரிசோதனையும் உண்டாம், செய்து பார்த்துவிடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

நகை அடகுக் கடைக்குப் போவதற்கு முன் இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்திருப்பது நல்லது. சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். ரிப்போர்ட்டில் சிடி34 பாசிட்டிவ் என்பது பெரும்பாலும் கட்டி எந்த வகை என்று கண்டுபிடிக்கச் செய்த சோதனையின் முடிவு. நோயின் வேகத்தை அளந்து சொன்னதல்ல. அந்த ஊசி மருந்து உண்மையானது, சில புற்றுநோய்களில் பயனும் தருகிறது. ஆனால் அது யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் இரத்தக் குழாய் மார்க்கர் எதுவும் இதுவரை மருத்துவமனைகளின் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கட்டிக்கும் சோறு வேண்டும்

உடம்பில் ஒவ்வொரு செல்லும் பக்கத்தில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாயிலிருந்துதான் ஆக்சிஜனும் சத்தும் பெறுகிறது. ஆக்சிஜன் குழாயைவிட்டு வெகுதூரம் கசிந்து போகாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. ஆகவே புதிதாகத் தோன்றிய புற்றுநோய்க் கட்டி குண்டூசித் தலை அளவுக்கு வந்ததும் நடுவில் இருக்கும் செல்கள் மூச்சுத் திணறத் தொடங்கும். அதற்கு மேல் பெருக்க வேண்டுமானால் தனக்கென்று இரத்தக் குழாய்கள் வேண்டும்.

இதைத் தெளிவாகச் சொன்னவர் ஜூடா ஃபோக்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். 1960களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் இரத்தத்துக்கு மாற்றாக ஒரு திரவத்தைத் தயாரிக்கும் வேலையில் இருந்தார். விலங்கிலிருந்து எடுத்த தைராய்டு சுரப்பியை அந்தத் திரவம் செலுத்தி உயிரோடு வைத்து, அதில் புற்றுநோய் செல்களை விட்டுப் பார்த்தார். கட்டிகள் ஓரிரு மில்லிமீட்டர் வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. அதே செல்களை எலிக்குள் வைத்தால் மளமளவென்று பெருத்தன. சுரப்பியில் புதுக் குழாய் முளைக்கவில்லை, எலியில் முளைத்தது, வித்தியாசம் அவ்வளவுதான். பின்னர் முயலின் கண்ணுக்குள் கட்டியை வைத்துப் பார்த்தபோதும் இதுவே நடந்தது. கண்ணின் நீரில் மிதந்தவரை கட்டி சிறியதாகவே கிடந்தது. கருவிழிப் படலத்தில் ஒட்ட வைத்ததும் குழாய்கள் முளைத்துப் பல ஆயிரம் மடங்கு பெருத்தது.

1971இல் அவர் தம் கருத்தை வெளியிட்டார். கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இரத்தக் குழாய்களைத் தன்னை நோக்கி வரவழைக்கிறது. அந்தப் பொருளைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்றார். பல ஆண்டுகள் பெரும்பாலோர் நம்பவில்லை. கட்டியைச் சுற்றிச் சிவந்திருப்பது வெறும் வீக்கம் என்றே நினைத்தார்கள்.

அந்தப் பொருள் கிடைக்க இன்னும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1983இல் ஹெரால்டு டிவோராக், டொனால்டு செங்கர் முதலானோர் கட்டியிலிருந்து வரும் ஒரு புரதம் இரத்தக் குழாய்களைக் கசியவைப்பதைக் கண்டார்கள். 1989இல் நெப்போலியோனே ஃபெராரா என்பவரின் குழு இரத்தக் குழாயை வளர்க்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. இரண்டும் ஒன்றே என்று தெரியவந்தது. அதன் சுருக்கப் பெயர்தான் விஇஜிஎஃப். ரிப்போர்ட்டில் ஆங்கிலத்தில் நான்கு பெரிய எழுத்துகளாக இருக்கும்.

இந்தப் புரதத்தைக் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நம் எல்லோர் உடம்பிலும் அது இருக்கிறது. காயம் ஆறுவதும், கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி வளர்வதும், மாதவிடாய்க்குப் பின் கருப்பையின் உட்பூச்சு மறுபடி உருவாவதும் அதனால்தான். ஆக்சிஜன் குறைந்தால் செல் அதை உணர்ந்து விஇஜிஎஃப்பைச் சுரக்கச் சொல்லும். செல் ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீரகப் புற்றுநோயின் பொதுவான வகை ஒன்றில் இந்த ஏற்பாடே பழுதாகி, ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் ‘இல்லை, இல்லை’ என்று செல் கூவிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டியில் இரத்தக் குழாய்கள் மண்டிக் கிடப்பது இதனால்தான்.

குழாயை எப்படி எண்ணுகிறார்கள்?

பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டுவார்கள். சாதாரணச் சாயத்தில் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் குழாயின் உள்சுவர் செல்களில் இருக்கும் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் மருந்தை ஊற்றிச் சாயம் ஏற்றுவார்கள். புரதம் இருக்கும் இடம் பழுப்பு நிறமாகும். சிடி31, சிடி34, ஃபாக்டர் எட்டு, சிடி105 என்பவை இப்படிப்பட்ட அடையாளப் புரதங்கள். சிடி105 புதிதாக முளைத்துக்கொண்டிருக்கும் குழாய்களில் கூடுதலாகத் தெரியும்; சிடி34 பழைய குழாய், புதுக் குழாய் எல்லாவற்றிலும் தெரியும்.

1991இல் நோயல் வைட்னர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், ஃபோக்மேனுடன் சேர்ந்து 49 மார்பகப் புற்றுநோயாளிகளின் கட்டிகளை இப்படிப் பார்த்தார். குழாய்கள் மிக அடர்ந்திருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் தெரியும் குழாய்களை எண்ணினார். நோய் பரவியிருந்தவர்களிடம் சராசரியாக 101 குழாய்கள், பரவாதவர்களிடம் 45. உலகமே திரும்பிப் பார்த்தது. இனி எல்லாப் பயாப்ஸி ரிப்போர்ட்டிலும் குழாய் எண்ணிக்கை ஒரு வரியாக இடம்பெறும் என்றே பலர் எதிர்பார்த்தார்கள்.

அப்படி நடக்கவில்லை. காரணம் எளிமையானது. அடர்ந்த இடம் எது என்று ஒருவர் காட்டினால் இன்னொருவர் வேறிடத்தைக் காட்டினார். சிடி34 வைத்து எண்ணினால் ஒரு கணக்கு, ஃபாக்டர் எட்டு வைத்து எண்ணினால் வேறு கணக்கு. ஊசி போட்டு எடுத்த துணுக்குச் சதையில் அடர்ந்த இடமே சிக்காமல் போகலாம். பின்வந்த ஆய்வுகளில் சில வைட்னர் சொன்னதை ஆமோதித்தன, சில ஒன்றும் காணவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது தொடர்பு இருந்தது, ஆனால் பலவீனமாக இருந்தது. கட்டியின் அளவு, நெறிகட்டிக்குப் பரவியதா, செல்லின் தரம் என்ன என்ற பழைய அளவுகோல்கள் சொல்வதைவிட அதிகமாக இது எதையும் சொல்லவில்லை.

மூளைக் கட்டி மட்டும் இதில் விலக்கு. மூளையில் தோன்றும் ஒருவகைக் கட்டியில் இரத்தக் குழாய்ச் சுவர் செல்கள் கொத்துக் கொத்தாகப் பெருகியிருந்தால் அதை நான்காம் கிரேடு என்று வகைப்படுத்த அது ஒரு முக்கியமான அடையாளம். அதற்குத் தனிச் சாயம்கூட வேண்டியதில்லை. சாதாரணச் சாயத்திலேயே தெரியும்.

அப்படியானால் சிடி34 ஏன் போட்டார்கள்?

பயம் அதிகமாக வருவது இங்கேதான். சிடி34 இரத்தக் குழாயில் மட்டும் இருக்கும் புரதமல்ல. எலும்பு மஜ்ஜையில் இரத்த செல்களை உருவாக்கும் தாய் செல்களிலும் இருக்கிறது. அதனால் இரத்தப் புற்றுநோயில் எந்த வகை என்று பிரிக்க இதைப் பார்ப்பார்கள். இரைப்பை, குடல் சுவரில் தோன்றும் ஜிஸ்ட் என்ற கட்டியின் செல்கள் பெரும்பாலும் சிடி34 பாசிட்டிவாக இருக்கும். அந்த நோய்க்கு மாத்திரை உண்டு, சரியான பெயர் வைப்பது அங்கே நோயாளிக்குப் பெரிய நன்மை. ஆரோக்கியமான கல்லீரலின் நுண்குழாய்கள் இந்தச் சாயத்தில் பெரும்பாலும் நிறம் ஏறாது, கல்லீரல் புற்றுநோயில் பரவலாக நிறம் ஏறும்; அதை வைத்தும் நோயை உறுதி செய்வார்கள். ஆக, சிடி34 பாசிட்டிவ் என்ற வரியைத் தனியாகப் பிய்த்தெடுத்து நெட்டில் தேடினால் கிடைக்கும் பதில் உங்கள் உம்மாவின் நோயைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட்டின் கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ அல்லது ‘டயக்னோசிஸ்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் இரண்டு மூன்று வரிதான் முடிவு. மற்றவை அந்த முடிவுக்கு வந்த வழி.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘எல்விஐ பிரசன்ட்’ என்று சில ரிப்போர்ட்டுகளில் இருக்கும். கட்டிக்குள் புதுக் குழாய் வளர்ந்ததை அது குறிக்கவில்லை. புற்றுநோய் செல்கள் ஏற்கெனவே இருக்கும் இரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைந்திருப்பதைக் குறிக்கிறது. இந்த வரிக்கு மதிப்பு உண்டு. அறுவைக்குப் பின் கீமோ தேவையா, கதிர்வீச்சு தேவையா என்று முடிவெடுக்கும்போது மருத்துவர் இதையும் கணக்கில் வைப்பார். கேட்க வேண்டுமானால் இதைப் பற்றிக் கேளுங்கள்.

ஊசி என்ன செய்கிறது?

விஇஜிஎஃப்பைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்துக்குப் பெயர் பெவாசிஸுமாப். அவாஸ்டின் என்ற பெயரில் 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. இந்திய நிறுவனங்களும் இப்போது இதற்கு ஈடான மருந்தைத் தயாரிக்கின்றன. விலை முன்பைவிடக் குறைவு என்றாலும் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான்.

நம்மில் பலருக்கு இந்த மருந்து வேறு வழியில் அறிமுகமாகியிருக்கும். சர்க்கரை நோயால் விழித்திரையில் வேண்டாத குழாய்கள் வளர்ந்து பார்வை மங்கும்போது கண் மருத்துவர்கள் கண்ணுக்குள் போடும் ஊசிகளில் இதுவும் ஒன்று. அங்கே மிகச் சிறிய அளவு போதும். கண் ஊசி போட்டுக்கொண்ட நன்னாவைப் பார்த்து “புற்றுநோய் மருந்தா கொடுத்தார்கள்?” என்று யாரும் பதற வேண்டாம்.

புற்றுநோயில் இதன் பலன் எவ்வளவு? பரவிய பெருங்குடல் புற்றுநோயில் 813 பேரிடம் நடந்த முதல் பெரிய ஆய்வில், கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.6 மாதம், ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.3 மாதம். முற்றிய அல்லது திரும்ப வந்த கருப்பைவாய்ப் புற்றுநோயில் 452 பெண்களிடம் நடந்த ஆய்வில் 13.3 மாதம் 17 மாதமாகியது. மூளைக் கட்டியில் வீக்கம் குறைகிறது, ஸ்டீராய்டு மாத்திரையின் தேவை குறைகிறது. ஆனால் புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஆயுள் நீளவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு 2008இல் அமெரிக்கா கொடுத்த அனுமதி 2011 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. கட்டி வளராமல் நின்ற காலம் கொஞ்சம் கூடியது, பெண்கள் கூடுதலாக வாழவில்லை, பக்கவிளைவு மட்டும் மிச்சம் என்பது காரணம்.

இந்த எண்களை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாலைந்து மாதம் என்பது ஒரு மகளின் நிக்காஹை வாப்பா பார்ப்பதா இல்லையா என்ற வித்தியாசமாக இருக்கலாம். அதைச் சிறியது என்று வெளியிலிருந்து சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதேநேரம், பூரண குணம் என்று நினைத்து வீட்டை விற்றுவிட்டு வருகிறவர்களுக்கு இந்த எண்ணை முதலிலேயே சொல்லாமல் இருப்பதும் நியாயமில்லை.

யாருக்குப் பலிக்கும் என்று ஏன் சொல்ல முடியவில்லை?

மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 இருந்தால் அதற்கான மருந்து, இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. இரத்தக் குழாய் மருந்துக்கும் அப்படி ஒரு சோதனை வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். கட்டியில் குழாய் எண்ணிக்கை, கட்டியில் விஇஜிஎஃப் அளவு, இரத்தத்தில் விஇஜிஎஃப் அளவு என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். சில பழைய ஆய்வுகளில் இரத்தத்தில் விஇஜிஎஃப் கூடுதலாக இருந்தவர்களுக்கு ஊசி நன்றாகப் பலித்தது போலத் தெரிந்தது. அதை உறுதி செய்வதற்கென்றே மெரிடியன் என்ற பெயரில் 481 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். விஇஜிஎஃப் கூடியவர், குறைந்தவர் என்ற வேறுபாடு மருந்தின் பலனைப் பிரித்துக் காட்டவில்லை. அதோடு அந்த நம்பிக்கை அடங்கியது.

அளப்பதிலேயே சிக்கல் இருக்கிறது. இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்மிடமுள்ள விஇஜிஎஃப்பை வெளியே விடும். ஒரே ஆளின் இரத்தத்தை உறையவிட்டு அளந்தால் ஒரு எண், உறையவிடாமல் அளந்தால் அதைவிடக் குறைந்த எண். காயமோ அறுவையோ இருந்தாலும் அளவு மாறும். நோயின் போக்கும் சூழ்ச்சியானது. விஇஜிஎஃப்பை அடைத்தால் கட்டி வேறு புரதங்களைக் கொண்டு குழாயை அழைக்கும், சில சமயம் ஏற்கெனவே உள்ள நல்ல குழாய்களை ஒட்டியே படர்ந்து போகும்.

மருந்து வேலை செய்யும் விதம் பற்றியே கருத்து மாறியிருக்கிறது. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து ஹார்வர்டில் பணியாற்றும் ராகேஷ் ஜெயின் வேறொரு விளக்கம் தந்தார். கட்டியின் குழாய்கள் கோணல்மாணலாக, ஓட்டைக் குழாய்போல ஒழுகுபவை. கீமோ மருந்து உள்ளே போய்ச் சேர்வதே கடினம். இந்த ஊசி அந்தக் குழாய்களைச் சில காலத்துக்குச் சீராக்குகிறது, அதனால் கீமோ உள்ளே நன்றாகப் போகிறது என்றார். பல நோய்களில் ஊசியைத் தனியாகக் கொடுக்காமல் கீமோவோடு சேர்த்தே கொடுப்பது இதனோடு பொருந்துகிறது. குழாயை அழிப்பதா சீராக்குவதா என்பதே நோய்க்கு நோய் மாறும்போது, குழாயை எண்ணிப் பலனைக் கணிப்பது எப்படி?

ஒரே ஒரு இடத்தில் இரத்தப் பரிசோதனை வழிகாட்டுகிறது. கல்லீரல் புற்றுநோயில் ராமுசிருமாப் என்ற இன்னொரு குழாய்த் தடுப்பு மருந்து, ஏஎஃப்பி அளவு 400 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் பயன் தருகிறது. வேடிக்கை என்னவென்றால் ஏஎஃப்பி இரத்தக் குழாய் மார்க்கரே அல்ல; கல்லீரல் கட்டிக்கு வழக்கமாகப் பார்க்கும் பழைய பரிசோதனைதான்.

ஆகவே “விஇஜிஎஃப் டெஸ்ட் எடுத்து வாருங்கள், அதைப் பார்த்து ஊசி முடிவு செய்யலாம்” என்று ஏதாவது லேப் சொன்னால், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் “இந்த ரிசல்ட் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மாறாது என்றால் அந்தப் பணம் மருந்துக்கே மிஞ்சட்டும்.

வாட்ஸ்அப்பில் வருவது

‘கட்டிக்குப் போகும் இரத்தத்தை நிறுத்தும் உணவு’ என்று மஞ்சள், கிரீன் டீ, கருஞ்சீரகம் பற்றிச் சுற்றிவரும் செய்திகள் முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத் தட்டில் இவற்றின் சாறு குழாய் செல்களைத் தடுப்பது உண்மை. தட்டில் நடப்பது உடம்பில் நடப்பதில்லை என்பதற்குச் சுறா எலும்பு நல்ல உதாரணம். சுறாவுக்குப் புற்றுநோயே வராது, அதன் குருத்தெலும்பு இரத்தக் குழாயை வளரவிடாது என்று 1992இல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வந்து, சுறாத் தூள் மாத்திரை கோடிக்கணக்கில் விற்றது. சுறாவுக்கும் புற்றுநோய் வருகிறது. அந்தச் சாற்றை நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது ஒரு பயனும் இல்லை. ஃபோக்மேனின் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் கட்டியைக் கரைத்த எண்டோஸ்டாட்டின்கூட, 1998இல் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்து உலகையே நம்பவைத்த பிறகு, மனிதர்களிடம் எதிர்பார்த்ததைச் செய்யவில்லை. மஞ்சளையும் கருஞ்சீரகத்தையும் சமையலில் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை. காப்ஸ்யூலாகக் கிலோக் கணக்கில் சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கீமோவோடு எது மோதும் என்று அவருக்குத் தெரியும்.

ஊசி போட முடிவானால்

புதுக் குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்து காயம் ஆறுவதையும் தடுக்கும். அதனால் திட்டமிட்ட அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி விடுவார்கள். காயம் முழுதும் ஆறிய பிறகே மறுபடி தொடங்குவார்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் பல் மருத்துவரிடம் இந்த ஊசி போடுவதைச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் ஏறுவது சகஜம். வீட்டிலேயே அளந்து எழுதி வைத்து ஒவ்வொரு முறையும் காட்டினால் நல்லது. சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்ப்பார்கள். திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, இரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, நெஞ்சு வலி, பேச்சுக் குழறுவது என்று எது நடந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரமழான் நெருங்கும்போது பிரஷர் மாத்திரையைத் தாமாகவே நேரம் மாற்றுவதும் நிறுத்துவதும் நம் வீடுகளில் நடக்கிறது. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது; முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. உங்கள் நோய்க்கு இந்த ஊசி அதில் வருகிறதா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் முதல் நாளே கேளுங்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பயாப்ஸி எடுத்த லேப்பில் மெழுகு பிளாக்கும் ஸ்லைடுகளும் இருக்கும். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் மட்டும் போதாது, அந்தப் பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டாவது மருத்துவர் அதை வைத்தே மறுபடி சோதிக்கலாம், உம்மாவுக்கு இன்னொரு ஊசிக் குத்து மிச்சமாகும். பிளாக்கை வெயிலிலும் பைக் பெட்டியிலும் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும். நம்மிடம் உதவிக்கு விண்ணப்பிக்கும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கமும், மருத்துவர் எழுதிய சிகிச்சைத் திட்டமும், காப்பீட்டு கவுன்ட்டரில் சொன்ன பதிலும் சேர்த்துக் கொண்டு வந்தால் பரிசீலிப்பது எளிதாக இருக்கும்.